நாலாம் கொட்டகையில் காற்று நின்றது

வயர்மேன் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை, போன் அலறிவிட்டது. திரையில் சிவப்பாக ஒரே வரி: நாலாம் கொட்டகை, ஃபேன் நின்றுவிட்டது. பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். எழாமல் பின்னே? அந்தக் கோழிப்பண்ணையின் ஆறு கொட்டகைக்கும் வயர் இழுத்தவனே அவன்தான்; பழுதென்றால் அலாரம் அவன் போனுக்கும் வரும். ஜன்னல் இல்லாத கொட்டகைகள். ஒரு சுவர் முழுக்கப் பத்து ராட்சத ஃபேன். அவை ஓடினால்தான் உள்ளே மூச்சு. நின்றால் ஒரு மணி நேரம் தாங்காது, பன்னிரண்டாயிரம் கோழியும் வெந்து செத்துப்போகும்.

பண்ணையின் சூப்பர்வைசர் அவன் மனைவியின் அண்ணன்தான். மச்சானுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். ஊஹும்.

"உங்கண்ணனுக்குக் காது அடைச்சுப் போச்சா?"

"எதுக்கெடுத்தாலும் எங்கண்ணனை இழுக்காதீங்க," என்றாள் மனைவி. "சாப்பிட்டுட்டுப் போங்க. கோழி எங்கயும் ஓடிடாது."

"ஓடாது, செத்துடும்!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தான்.

நாலு பேர் கூடிய இடத்தில் இவன் அடிக்கும் தம்பட்டத்தைக் கேட்கவேண்டுமே! "நான் போட்ட காத்துல கோழி ராஜா மாதிரி தூங்குது" என்பான். அந்த ராஜா தூங்கும் அழகை ஐயா ஒரு நாளும் பார்த்ததில்லை. வயர் இழுத்தபோது கொட்டகைகள் காலி. கோழி வந்தபிறகு, நோய் ஒட்டிக்கொள்ளும் என்று வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். சுவிட்ச் பேனலும் வெளியே தனி அறையில் இருந்தது. அவன் பார்த்ததெல்லாம் வெறும் கூண்டுகள். கூண்டுக்கு ஒரு கோழி என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். யாரையும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதுமில்லை.

இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தான். கேட் திறந்து கிடந்தது, காவலாளியைக் காணோம். ஊரையே எழுப்பவேண்டிய சைரன் ஊமையாக இருந்தது. போதாக்குறைக்கு, காற்று உள்ளே போகும் திறப்புகளின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து டேப் ஒட்டியிருந்தார்கள். எந்த அறிவுகெட்டவன் செய்த வேலை இது என்று திட்டிக்கொண்டே தாளைக் கிழித்தெறிந்தான். பேனல் அறைக்கு ஓடினான். ஒன்றும் கருகவில்லை, ஒன்றும் பழுதாகவில்லை. மெயின் சுவிட்சை யாரோ கையால் இறக்கி வைத்திருந்தார்கள். யோசிக்க ஏது நேரம்? தூக்கிவிட்டான். பத்து ஃபேனும் உறுமிக்கொண்டு கிளம்பின. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னான்.

பிறகுதான் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

வெக்கை முகத்தில் அறைந்தது. அம்மோனியா நாற்றத்தில் கண்ணெரிந்தது. தரையிலிருந்து கூரைவரை அஞ்சு அடுக்குக் கூண்டு, கூண்டுக்கு ஆறு கோழி. ஆறு! ஒன்று சிறகை விரித்தால் மற்றது நசுங்கும். எல்லாம் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. அந்த வாய்களைப் பார்த்ததும் இன்னொன்றும் தெரிந்தது: ஒன்றையொன்று கொத்தாதபடி அலகின் நுனியை வெட்டியிருந்தார்கள். மேலடுக்கில் பல கோழிகள் செத்திருந்தன. செத்தவைகூட விழவில்லை, விழ இடமில்லை. பக்கத்துக் கோழிகள்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தன.

"யாருடா ஃபேனைப் போட்டது?"

மச்சான் ஆபீஸ் பக்கமிருந்து ஓடிவந்தார். உடம்பு முழுக்க வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகமூடி கழுத்தில் தொங்கியது. பத்து வருஷமாக "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்று பேசிய வாய் அது.

"நான்தான் மச்சான். நல்ல வேளை, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..."

"முடிஞ்சிருக்கும்! எல்லாம் முடிஞ்சிருக்கும்!" தலையில் அடித்துக்கொண்டார். "நோய் வந்துடுச்சுடா. ஒண்ணு விடாம அழிக்கணும்னு உத்தரவு. காத்தை நிறுத்தி, ஓட்டையை அடைச்சு முடிச்சுடுன்னாரு முதலாளி. ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினேன், சைரன் வயரைப் புடுங்கினேன், என் போன்ல அலாரத்தை அணைச்சேன். உன் போனுக்கும் வரும்னு மறந்தே தொலைச்சேன். இப்படிப் பாதியில வந்து உயிர் கொடுத்திருக்கியே, பாவி! இனி முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

வயர்மேன் பேயறைந்தவன்போல நின்றான். காப்பாற்ற வந்தவன், அவற்றை இரண்டு தடவை சாகவிடப் போகிறான். மச்சான் பேனல் அறைக்கு நடந்தபோதுதான் அவனுக்கு உணர்வு வந்தது. முந்திக்கொண்டு ஓடி வாசலை மறித்து நின்றான்.

"நகரு."

"மாட்டேன்."

"என் தங்கச்சி முகத்துக்காகத்தான் பேசிட்டு நிக்கறேன். எனக்கு வேலை போயிடும்டா, நகரு!"

"உள்ள போய்ப் பாத்தீங்களா மச்சான்?"

"தினமும்தான் பாக்கறேன்."

"இன்னைக்கு?"

"இல்ல," என்றார் மச்சான். "ஆபீஸ் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன். உன் போன் வந்ததும் தெரியும், எடுக்கல."

"வேற வழியே கிடையாதா?"

"வாயு வண்டின்னு ஒண்ணு இருக்கு. அதுல வாயு விட்டா கோழி மயங்கி, சீக்கிரமாப் போயிடும். அது வர மூணு நாள் ஆகும்னாரு முதலாளி. மூணு நாள் இந்த நோயை வச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

எதிரே கொட்டகைக் கதவில், வந்த அவசரத்தில் அவன் கவனிக்காத நோய் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதில் கால்நடை டாக்டரம்மாவின் எண். வயர்மேன் மச்சானை ஒரு கையால் தடுத்துக்கொண்டே எட்டி அந்த எண்ணைப் பார்த்து அழுத்தினான். மச்சானுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"வாயு வண்டியா?" என்றார் டாக்டரம்மா. "எங்க ஆபீஸ் வாசல்லதானே நிக்குது. முந்தாநாளே அனுப்பறேன்னு சொன்னேன். வெளியாள் உள்ள வேணாம், நாங்களே பாத்துக்கறோம்னாரு உங்க முதலாளி. ஏன், என்ன பண்ணிட்டு இருக்கீங்க அங்க?"

வயர்மேன் ஒன்று விடாமல் சொன்னான். டாக்டரம்மா அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

"ஃபேனை நிறுத்தாதீங்க. ரெண்டு மணி நேரத்துல வந்துடறோம்."

மச்சான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "வாசல்லயே நின்னுச்சா?" என்றார். "நான் ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருக்குமா?"

அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும்போல இருந்தது வயர்மேனுக்கு. ஆனால் எந்த வாயால் கேட்பான்? அந்தச் சுவிட்சைப் பொருத்தியவன் அவன். இத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று பெருமையடித்தவன் அவன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடி உள்ளே போக அடி எடுத்து வைத்தபோது, கதவோரத் தண்ணீர்க் குழாயின் வால்வு மூடியிருப்பது கண்ணில் பட்டது.

"இதை யார் மூடினது?"

"நான்தான், காலையில. எப்படியும் அழிக்கப் போறோம்னு..."

"திறங்க."

"ரெண்டு மணி நேரத்துல சாகப் போற கோழிக்குத் தண்ணி எதுக்குடா?"

"இப்போ தாகமா இருக்கே, மச்சான்."

மச்சான் அவனைப் பார்த்தார். முறைப்பார் என்றுதான் வயர்மேன் நினைத்தான். அவர் எழுந்து வால்வைத் திருகினார். முகமூடியை மாட்டிக்கொண்டு, உடையின் பையிலிருந்த இன்னொன்றை அவனிடம் நீட்டினார். உள்ளே கூண்டு வரிசைகளில் முண்டியடிக்கும் சத்தம் கேட்டது. முன்னால் நின்றவைதான் குழாயைக் கொத்திக் குடித்தன. பின்னால் நசுங்கிக் கிடந்தவற்றுக்கு எட்டவில்லை.

வண்டி வந்து சேரும்வரை இருவரும் வெளியே வரவில்லை. ஆளுக்கொரு வரிசையாக, கம்பி இடுக்கில் கையை விட்டு, எட்டாதவற்றுக்கு உள்ளங்கையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.