நாயீவ் என்ற சொல்லுக்கு ஓர் உதாரணம்

ஒரு மனிதனின் தகுதியை அளப்பதற்கு உலகம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளுள் ஆங்கில உரிச்சொல்லுக்கு ஈடானது வேறில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் பாலசிங்கம் இந்த உண்மையைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள சனசமூக நிலைய மண்டபத்தில் முழங்கியபோது, கேட்பதற்கு ஒரேயொருவர் இருந்தார். அவரும் கருவாட்டுப் பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் குணேஸ்வரி. சல்லி என்ற ஊரிலிருந்து வந்து சந்தையில் கருவாடு விற்பவர். பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு என்று பாலசிங்கம் சேர் அறிவித்த முதல் நாள் கதிரை போதவில்லை. இறந்தகால வினைகள் தொடங்கிய கிழமையோடு கதிரைகள் தாராளமாக மிஞ்சின. குணேஸ்வரி மட்டும் பின்னேரம் தவறாமல் வருவார். மண்டபத்துக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருப்பார். சல்லி பஸ் வந்ததும் எழும்பிப் போவார்.

சேருக்கு அது போதுமாயிருந்தது. மனைவி காலமான பிறகு வீட்டில் வாய் திறப்பது பிரிட்ஜ் மட்டும்தான். ரொறன்ரோவிலிருக்கும் மகன் போனில் "சாப்பிட்டாச்சோ அப்பா?" என்று கேட்பான், பதில் முடிவதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். ஆகவே வெயில் சரிந்ததும் சேர் சட்டைக்கு இஸ்திரி போடுவார், மீசைக்கு மை பூசுவார், உலகத்துக்கு ஆங்கிலம் வழங்கப் புறப்படுவார்.

அன்றைய சொல் நாயீவ் (naive).

"இன்னசன்ட் எண்டா குற்றமில்லாதவர். அது பாராட்டு. நாயீவ் அப்பிடியில்லை. ஆள் நல்லவர்தான், ஆனா உலகம் தெரியாது. ஆர் எதைச் சொன்னாலும் நம்புவார். முதுகில தட்டிக்கொண்டே தலையில குட்டுற சொல்."

"சின்னப் பிள்ளையளைச் சொல்லலாமோ சேர்?"

"பிள்ளையளுக்கு அது குறையில்லை. வளந்த ஆக்களுக்குச் சொன்னாத்தான் சுடும்."

"அப்ப என்னை நானே சொல்லலாமோ?"

"அந்த நாளையில அப்பிடி இருந்தனான் எண்டு சொல்லலாம். இப்ப அப்பிடித்தான் எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். தெரிஞ்சிட்டா பிறகு அது இல்லைத்தானே."

பிறகு, 'குணேஸ்வரி இஸ் நாயீவ்' என்று பலகையில் உதாரணம் எழுதினார். மிகுந்த கனிவோடுதான் எழுதினார். இப்படிப்பட்டவருக்கு உலகம் தெரிந்த ஒரு துணை வேண்டும் என்று அடுத்த வசனத்தையும் மனதில் வைத்திருந்தார். பஸ் ஹோர்ன் அடித்தது. குணேஸ்வரி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஓம் சேர்" என்று போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வகுப்பில்லை. சேருக்கு ஒரு திறப்பு விழாவில் நன்றியுரை இருந்தது. பிரமுகர்கள் கூடுகிற மேடைகளில் ஆங்கில நன்றியுரை அவருடைய ஏகபோகம். எதைத் திறக்கிறார்கள் என்பதில் அவர் பெரிதாகத் தலையிடுவதில்லை. பாலமோ சிலையோ, நன்றி ஒன்றுதான்.

திங்கட்கிழமை குணேஸ்வரி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. சேர் வெறுங்கதிரைகளுக்கு முன் நின்று பலகையைப் பார்த்தார். அந்த உதாரணத்தை அழிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் ஏலவில்லை. ஒரு பெண்ணின் மனதை ஓர் உரிச்சொல்லால் உடைத்துவிட்டோம் என்று நினைத்தபோது துக்கமாயிருந்தது. தன் ஆங்கிலத்துக்கு அவ்வளவு வலுவா என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது. துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. அதன் பிறகு விசிறிச் சத்தம் மட்டுந்தான்.

அடுத்த நாள் மன்னிப்புரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு சந்தைக்குப் போனார்.

"குணேஸ்வரி, அண்டைக்கு நான் அப்பிடி எழுதினது உங்களை நோகடிச்சிட்டுது."

"என்னத்தை எழுதினனீங்கள் சேர்?"

தயாரித்த உரையின் முதற்பக்கம் அதோடு வீணாயிற்று. "அப்ப ஏன் வகுப்புக்கு வாறேல்லை?"

குணேஸ்வரி சூடைக் கருவாட்டை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அடுக்கினார். பக்கத்துக் கடைப் புஷ்பவதிக்குப் பொறுக்கவில்லை.

"அவ சொல்ல வெக்கப்படுறா சேர். பஸ்ஸில ஏறினா வீடு போய்ச் சேருமட்டும் அடக்கிக்கொண்டெல்லோ இருக்கோணும். இங்கத்தைய கக்கூசைத் திருத்த எண்டு மாசக்கணக்கா மூடி வச்சிருந்தவங்கள். உங்கட மண்டபத்துப் பின்பக்கக் கக்கூசுக்குத்தான் பூட்டில்லை. இப்ப இங்க திறந்தாச்சு. டைல்ஸெல்லாம் போட்டிருக்கு, போய்ப் பாருங்கோவன்."

சேர் திரும்பிப் பார்த்தார். மூலையில் புது நீலக் கதவு. நிலையில் வெட்டிய ரிப்பனின் ஒரு துண்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அதுக்கு வந்தனீங்கள் எண்டா, ஏன் வகுப்பில இவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?"

"வந்த அலுவல் முடிஞ்ச உடன வெளிக்கிட்டா மரியாதையில்லைத்தானே," என்றார் குணேஸ்வரி, தலை நிமிராமல். "நீங்களும் தனிய நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். பாவமாயிருந்தது."

சேர் "தாங்க் யூ" என்றார்.

நீலக் கதவைத் திறந்துவைத்த வெள்ளிக்கிழமை விழாவில் நன்றியுரை ஆற்றியவர் பாலசிங்கம் சேர்.