முதலில் திறந்த கடை

எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. நகரத்தின் பேர்போன அந்தக் கடைத்தெருவில், எங்கள் குடைக்கடையின் ஷட்டர் ஏறிய பிறகுதான் மற்ற கடைகள் திறக்கும். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தெருவின் முதல் கடைக்குத் தரும் மரியாதை என்பார் அப்பா. அவருக்குப் பின் கடை என் கைக்கு வந்தபோதும் வழக்கம் மாறவில்லை.

பிறகு தெருவை அகலமாக்க நகராட்சி முடிவு செய்தது. எங்கள் வரிசை முழுக்க இடிபடும். தெருவில் முதலில் வந்த கடை மட்டும் சரித்திரச் சின்னமாக நிற்கும். எங்களுக்கும் மூலையிலிருந்த கடிகாரக்கடைக்கும் போட்டி. இருவரிடமும் ஆதாரம் இல்லை. எதிர்வரிசையில் செருப்புக்கடை வைத்திருந்த என் அக்கா புருஷன்தான் தெருவிலேயே மூத்தவர். அவர் வாய்ச்சொல்லை வைத்து முடிவெடுப்பதாக ஏற்பாடு.

"கவலைய விடு மாப்ளே. நான் வாயத் தொறந்தா போதும்," என்றார் முந்தின நாள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே.

விசாரணை கடை வாசலில் நடந்தது.

"இவங்க திறக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருப்பீங்களாமே?" என்று அதிகாரி கேட்டார்.

"காத்திருப்போம் சார். ஷட்டர் தூக்குற கொக்கிக் கம்பி இவங்ககிட்ட மட்டும்தானே இருக்கு. அது வராம எவன் தூக்குறது?"

கூட்டம் சிரித்தது. "அப்போ இத்தனை வருஷமா நாம கம்பிக்கா வணக்கம் வச்சோம்?" என்றார் துணிக்கடைக்காரர்.

"முதல் கடை எது?"

"கடிகாரக்கடை," என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமல்.

கூட்டம் கலைந்ததும் அவர் கடைக்குப் போனேன். "கம்பி விஷயம் நெசமா மாமா?"

ஒரு செருப்புப் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"நெசந்தான்."

"கடிகாரக்கடை?"

"அது முதல் கடையான்னு தெரியாது மாப்ளே. அந்தக் கடைக்காரன் பின்பக்க இடத்த என் பையனுக்குத் தர்றேன்னான்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் போய்ப் பேசினா."

தினமும் அந்தக் கம்பியை எடுத்துக் கொடுத்தவன் நான். ஒருநாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. மாமா சொன்ன பொய்யைவிட அந்த உண்மைதான் அன்றைக்கு அதிகம் உறுத்தியது. அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

குடைக்கடை அந்த மழைக்காலத்துக்கு முன்பே இடிக்கப்பட்டது. கடிகாரக்கடை கல்வெட்டோடு நிற்கிறது. அதன் பின்பக்கம் அக்கா மகன் மூக்குக்கண்ணாடி விற்கிறான். மாமா இறந்துவிட்டார். அக்கா அவ்வப்போது போன் செய்கிறாள், நான் எடுப்பதில்லை. பேருந்து நிலையத்தருகே பைகள் விற்கும் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருக்கிறேன்.