ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே

அண்ணன் தம்பி பாகம் பிரிந்தபோது அரியலூர் வீட்டுக் கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. ஓட்டைத் தொட ஒரு முழம் இருக்கையில் செங்கல் தீர்ந்தது. மிச்சத்தை யார் வாங்குவது என்று அதற்கும் ஒரு சண்டை வந்து, சுவர் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து மூத்தவர் மனைவி கலியம்மாளும் இளையவர் மனைவி வேணியும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

அதற்காகப் பேசாமலும் இருந்ததில்லை. “தண்ணி விட்டுட்டான், கொடம் வைக்கிறவங்க வைக்கலாம்” என்று கலியம்மாள் தன் ஆட்டிடம் உரக்கச் சொல்வாள். வேணி குடத்தோடு ஓடுவாள். மழை வந்தால், யார் துணியோ கொடியில் நனைகிறது என்று வேணி தன் பூனையிடம் சொல்வாள். சேதி போய்ச் சேரும். கூடவே குத்தலும் வரும். பிள்ளையில்லாத வீட்டுக்கு எதற்கு இத்தனை பாத்திரம் என்று ஒருநாள் கலியம்மாள் ஆட்டைக் கேட்டாள்.

அந்தச் சொல் வேணிக்குப் பொறுக்கவில்லை. கணவர் சிங்காரவேலு சிமென்ட் ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், பகலில் தூங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, அடுத்த வீட்டில் ஆளில்லாத நாளில் தச்சரை அழைத்து வந்தாள். தன் பக்கமிருந்தே மேல் இடைவெளியைப் பலகையால் மூடி, ஓரமெல்லாம் சிலிக்கான் பசை பிதுக்கச் சொன்னாள். ஒயர் போகும் துளையைக்கூட விடவில்லை. அந்தப் பக்கம் ஓட்டடியில் எப்போதும் இருட்டு என்பதால் பலகை தெரியவில்லை. வீடு அடங்கியது. வேணி நிம்மதியாகத்தான் இருந்தாள், இல்லையென்று சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அடுத்த வீட்டு வாசலில் வேன் நெடுநேரம் நின்று ஆரன் அடித்தது. யாரோ எங்கோ போகட்டும் என்று வேணி கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் பூக்காரி சொல்லித்தான் தெரிந்தது, சிறுவாச்சூர்க் கோயிலில் வைத்து புவனேஸ்வரிக்குப் பூ வைத்துவிட்டார்களாம். கலியம்மாளின் மகள்தான், ஆனால் வேணி இடுப்பிலேயே வளர்ந்த பெண். தன்னை அழைக்கவில்லையே என்று வேணி அழுது தீர்த்தாள்.

மறுநாள் தெருக்குழாயில் கலியம்மாள் நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா ஆட்டுக்கிட்டக் கத்துனேன் வேணி. சித்தி வராம கெளம்ப மாட்டேன்னு புவனா வேன்லேருந்து எறங்கி நின்னுச்சு. ஒனக்குக் காது கேக்கலியா?”

கேட்டது என்று சொன்னால் பெரிய பழி. கேட்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். வேணி குடத்தைக் கீழே வைத்தாள்.

“ஒங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னு மேல அடச்சுட்டேன்க்கா.”

கலியம்மாள் கோபப்படவில்லை. பட்டிருந்தால்கூடத் தேவலை. நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வாய மூடியிருப்பேனே” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.