சப்பாத்துக்குச் சாணை

பலேர்மோவில் ஐஸ் மீனுக்கானது. லொரென்சோவின் வலது முழங்காலுக்கும் அது வேண்டியிருந்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. துறைமுகத்தில் மீன்காரருக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடத்தில் அரைப்பாளம் வாங்கிச் சாக்கில் சுற்றி, பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப்போவது இராஜதுரையின் முதல் வேலை. சமையலும் கூட்டித் துடைப்பதும் அதற்குப் பிறகு.

லொரென்சோ ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரன். கனடாவில் பிறந்தவன், தகப்பன் பலேர்மோக்காரர். இருபத்திரண்டு வயதில் இத்தாலிக்கு வந்து, வடக்கே மலையூர்களில் பதின்மூன்று பருவங்கள் ஆடினான். ஐந்து கழகங்கள், இரண்டு அறுவைச் சிகிச்சைகள், மேல்வரிசையில் நான்கு பொய்ப்பற்கள். மார்ச்சில் கடைசிக் கழகம் அவனைக் கழற்றிவிட்டது. செத்துப்போன அத்தையின் வீடு காலியாகக் கிடந்ததால் இங்கே வந்து, காலை நீட்டிக்கொண்டு, வேறு கழகத்திலிருந்து தொலைபேசி அடிக்கும் வரை காத்திருந்தான். இந்த ஊரில் பனித்தளமே கிடையாது. அவன் செய்த தொழிலை இராஜதுரை சுவரில் மாட்டியிருந்த படங்களில்தான் பார்த்திருந்தார்.

இராஜதுரைக்கு அவனிடம் வேண்டியது ஒரு கையெழுத்து. அவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, நவம்பர் கடைசியில் முடிகிறது. முதலாளி கையெழுத்து வைத்த வேலைத் தாள் இல்லாவிட்டால் அது நீளாது. அது நீளாவிட்டால் அவரும் மனைவி குகனேஸ்வரியும் இந்த நாட்டில் இருக்க முடியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சரஸ்வதி பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முதல்நாள் லொரென்சோ ஒன்றுவிட்ட அக்கா சாண்ட்ராவின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். இராஜதுரை சொந்த ஊரான நெல்லியடியில் பதினாறு வருடம் லேத் பட்டறையில் நின்றவர். பூசைக்கு முதல்நாள் பட்டறையில் ஒரு உளி மொட்டையாகக் கிடக்கக்கூடாது. எல்லாவற்றையும் கழுவி, சாணை பிடித்து, எண்ணெய் பூசி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் லொரென்சோ வீட்டுச் சமையல் கத்திகளையும் கத்தரிக்கோலையும் தீட்டினார். கல் நனைந்திருந்தது, நேரமும் இருந்தது. அலமாரியில் கிடந்த லொரென்சோவின் பனிச்சறுக்குச் சப்பாத்துகள் கண்ணில் பட்டன.

உறையைக் கழற்றி அடியில் இருந்த இரும்பு அலகின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நடுவில் நீளவாக்கில் மெல்லிய குழிவு. ஓடி ஓடித் தேய்ந்திருக்கிறது என்று நினைத்தார். ஓரங்கள் இரண்டிலும் நகம் பிடித்தது. அது பிசிறு என்று நினைத்தார். மூன்று மணி நேரம் குந்தியிருந்து குழிவைத் தேய்த்து எடுத்தார், பிசிறை வழித்தார். முடிவில் அலகு கண்ணாடி போலத் தட்டையாக இருந்தது. பட்டறை முதலாளி பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

அவற்றையும் பைக்குள் போட்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த தன் அறைக்குக் கொண்டுபோனார். குகனேஸ்வரி கதவடியிலேயே மறித்தாள்.

"சப்பாத்தைக் கொண்டந்து சாமிக்கு முன்னால வைக்கப் போறீங்களோ? விசரே உங்களுக்கு?"

"சப்பாத்தில்லையப்பா, ஆயுதம். அந்த மனிசன் உழைச்ச ஆயுதம்."

"மணக்குது உங்கட ஆயுதம்."

கடைசியில் தோல் பகுதியை வெள்ளைத் துணியால் சுற்றி, இரும்பு மட்டும் தெரியும்படி, அவளுடைய இஸ்திரிப் பெட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு குதிப்பக்கத்து இரும்பிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். திங்கட்கிழமை காலையில் உறையைப் போட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். லொரென்சோவுக்குச் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை தொலைபேசி அடித்தது. வடக்கே ஒரு கழகத்தில் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தோளை உடைத்துக்கொண்டான். சனிக்கிழமை வந்து ஆடிக் காட்டினால், பிடித்தால், பருவம் முடியும் வரை ஒப்பந்தம். லொரென்சோ ஒற்றைக் காலில் சமையலறையைச் சுற்றி வந்தான். ஏழு மாதத்தில் அவன் இவ்வளவு பேசி இராஜதுரை கேட்டதில்லை.

"என்னை எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டேன், ராஜா. வீட்டைச் சாண்ட்ராவிடம் கொடுத்துவிடுவேன்."

"சப்பாத்து பழசு, சிஞ்ஞோரே. புதிது வாங்கவில்லையா?" ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"பழசுதான் கால் அறிந்தது. மார்ச்சில் தீட்டி வைத்தது, இன்னும் பனியைத் தொடவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு இறங்குவேன்." லொரென்சோ வெண்ணெய்க் கட்டியில் கரண்டிக் காம்பை இழுத்து ஒரு பள்ளம் போட்டான். "இதோ, அலகின் நடுவில் இப்படி ஒரு குழி. இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. அந்த விளிம்புதான் பனியைக் கடிக்கும். அது இல்லாவிட்டால் ஆடுகிறவன் முதல் திருப்பத்திலேயே சலவைக்கல்லில் விட்ட மாடு மாதிரிப் போவான். அந்த வேகத்தில் இந்த முழங்கால் மடங்கினால் மறுபடி நடப்பதே சந்தேகம்."

இராஜதுரை வெண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

அன்று வீட்டில் குகனேஸ்வரியிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப பேசாமல் இருங்கோ."

"இப்ப பேசாமல் இருந்தால், அது வேணுமெண்டு செய்யிறது."

"ஓம். அதுக்கென்ன? அவன் அங்கை ஆடப் போனால் ஆர் உங்கட தாளில சைன் வைக்கிறது? சரஸ்வதியோ?"

"விழுந்தால் கால் முறியும், குகனேஸ்."

"முறிஞ்சால் பாக்க ஆள் வேணும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம். "என்னட்டைக் கேட்டுட்டு நிக்காதேங்கோ. சொல்ல நினைச்சிருந்தா அங்கையே சொல்லிப்போட்டு வந்திருப்பீங்கள்."

இராஜதுரை வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ரயிலடிக்குப் பையை இராஜதுரைதான் தூக்கிப்போனார். மேடையில் இருபது நிமிடம் நின்றார்கள். ஒரு வசனம் போதும்: நான் தீட்டிவிட்டேன், அங்கே திருப்பித் தீட்டச் சொல்லுங்கள். இத்தாலிய மொழியில் அதைச் சொல்ல அவருக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். லொரென்சோ ஜன்னலால் எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டான்.

"சாப்பிடப் பாண் வைத்திருக்கிறேன், பையின் மேல்பக்கத்தில்," என்றார் இராஜதுரை.

ரயில் போனது. அவர் தன் அறைக்குப் போனார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஐந்தாம் மாடி வீட்டைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். தொலைபேசி அடிக்கவில்லை.

திங்கட்கிழமை லொரென்சோ வந்தான். படியில் ஊன்றுகோலின் சத்தம் முதலில் கேட்டது. ஐந்து மாடிக்கும் கால்மணி நேரம் எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, பையைக் காலால் தள்ளிவிட்டு, "ஐஸ்" என்றான்.

இராஜதுரை ஐஸை உடைத்துத் துணியில் கட்டி முழங்காலில் வைத்தார். அது தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"உறையைக் கழற்றினேன்," என்றான் லொரென்சோ. "குதியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. உன் நெற்றியில் வெள்ளிக்கிழமைகளில் இருப்பது. பிறகு நகத்தை ஓட்டிப் பார்த்தேன்."

இராஜதுரை துணியை இறுக்கிக் கட்டினார்.

"அங்கே தீட்டுகிற கிழவன் கேட்டான், எந்த இறைச்சிக்கடைக்காரன் செய்தது என்று. மெஷினில் போட்டுப் பத்து நிமிடத்தில் சரியாக்கித் தந்தான். அந்த விளிம்புடன்தான் இறங்கினேன். நல்ல விளிம்பு. மூன்றாவது திருப்பத்தில் அலகு பிடித்தது, முழங்கால் பிடிக்கவில்லை." கையை விரித்துக் காட்டினான். "முடிந்தது. பதின்மூன்று வருடம்."

வெளியே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"ஒன்றுதான் கேட்கவேண்டும், ராஜா. வெண்ணெயில் காட்டினேனே. அப்போது உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லலாம். மொழி விளங்கவில்லை என்று சொன்னால் இந்த ஊரில் எல்லோரும் நம்புவார்கள்.

"தெரியும்."

லொரென்சோ அவரைப் பார்த்தான். கோபமாகத் தெரியவில்லை. ஆட்டத்தில் எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்க்கிற பார்வையாக இருக்கலாம். இராஜதுரை ஆட்டம் பார்த்ததில்லை.

"உன் தாளை நாளைக்குக் கொண்டுவா."

"சிஞ்ஞோரே..."

"நன்றி சொல்லாதே. ஐந்து மாடி. ஐஸை நானா தூக்க முடியும்?"

மறுநாள் கையெழுத்து வைத்தான். பேனாவை மூடிவிட்டு, சாணைக்கல் எங்கே என்று கேட்டான். இராஜதுரை சமையலறையிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தார். லொரென்சோ நொண்டிக்கொண்டே போய், சறுக்குச் சப்பாத்துகளோடு அதையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பெர்மெஸ்ஸோ இரண்டு வருடத்துக்குக் கிடைத்தது. அந்த இரண்டு வருடமும் அந்த வீட்டில் இராஜதுரை தக்காளியை மொட்டைக் கத்தியால்தான் வெட்டினார்.