குக்கரில் உறைந்த செயின்

அரிசியைக் களைந்து வைத்துவிட்டு எலெக்ட்ரிக் குக்கரின் மூடியைத் திறந்த ஆக்னஸ் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பால்கோவா மாதிரி ஏதோ வெள்ளையாக இறுகிக் கிடந்தது. விரலால் தொட்டாள், வழவழவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு சைக்கிள் செயினின் வளைவு எட்டிப் பார்த்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வாடிய செவ்வந்தி இதழும் செத்த எறும்பு ஒன்றும்.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

கிதியோன் கறுத்த கைகளோடு ஹாலிலிருந்து வந்தான். ஹால் என்று பேர்தான். ஆறு மாதமாக அங்கே மனுஷர் உட்கார இடமில்லை. நடுவில் அவனுடைய மலைச் சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கும். அதில் என்றைக்கும் ஏதாவது ஒன்று கழன்றிருக்கும். புது கியர், புது பிரேக், புது பெடல் என்று பார்சல் வந்தபடியே இருக்கும். பிரேக் ஆயில் அவளுடைய ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. அவளுடைய பழைய பல் பிரஷ் என்றைக்கோ பல்சக்கரத்துக்குப் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபேன் சுவிட்சைப் போடவே பியூனைக் கூப்பிடுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பெரிய மெக்கானிக்.

"ஓ, அதுவா? புது செயினை மெழுகுல முக்கி எடுத்தா எண்ணெயே வேண்டாம். அழுக்கு ஒட்டாது. கரண்டு போயிடுச்சு, அதான் உறைஞ்சிடுச்சு. அப்புறம் உருக்கி எடுத்துடறேன்."

"மெழுகு எங்கேருந்து?"

"கல்லறையிலதான். திருநாள் முடிஞ்சதும் மூட்டை மூட்டையா கிடக்குது. வாட்ச்மேன் எப்படியும் வாரிக் கொட்டப்போறான்."

ஆக்னஸ் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் விரலில் அந்த வழவழப்பு போகவில்லை.

"ஊரான் வீட்டுச் சாவுக்கு ஏத்தின மெழுகையா என் சோத்துப் பாத்திரத்துல போட்டீங்க?"

"கல்லு மேல இருந்ததைத்தானே சுரண்டினேன்? வடிகட்டித்தான் ஊத்தினேன். செத்தவங்களுக்கு எதுக்கு வெளிச்சம்? எங்க வீட்டுல இந்தப் பழக்கமே கிடையாது. நீங்க கத்தோலிக்கர்தான் காசைக் கொளுத்தறீங்க. இதுக்கு ஏன் இவ்ளோ கத்தறே?"

நாளைக் காலை அனந்தகிரி மலைக்கு சைக்கிள் பயணம். செயினின் இரு முனையையும் சேர்க்கிற துண்டை வாங்க மறந்துவிட்டானாம். ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் நண்பன் உமேஷிடம் ஒன்று இருக்கிறதென்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவர்கள் வீடு இருக்கும் போவன்பள்ளியிலிருந்து போய்த் திரும்ப எப்படியும் பொழுது சாய்ந்துவிடும். போகும்போது, "குக்கரைத் தொடாதே" என்று அதிகாரம் வேறு.

ஆக்னஸ் சோப்பு போட்டுக் கை கழுவினாள். பிறகு இன்னொரு தரம் கழுவினாள்.

கல்லறைத் திருநாளுக்கு அவள் போக முடியாமல் போனதே இந்தச் சைக்கிளால்தான். முந்தின வாரம் பாத்ரூமில் டீசல் ஊற்றிப் பழைய செயினைக் கழுவினவன் தரையைக் கழுவவில்லை. வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தாள். அம்மா போனதிலிருந்து ஒரு வருஷம் கூடத் தவறவிடாதவள். குண்டூசியால் மெழுகுவத்தியில் 'அம்மா' என்று கீறி ஏற்றுவாள். எழுத்து உருகி முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்று பேசுவாள். இந்தத் தடவை கட்டிலில் இருந்தபடியே ஒன்றில் கீறி, பாக்கெட்டோடு அவனிடம் கொடுத்தனுப்பினாள். முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் கண்கூடக் கலங்கியது. இப்போது அதை நினைக்க அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மேடையைத் துடைக்கலாமென்று அங்கே கிடந்த செய்தித்தாளை எடுத்தாள். உருகின மெழுகிலிருந்து அவன் பொறுக்கிப் போட்ட திரிகள் அதில் ஒட்டியிருந்தன. எல்லாம் கருகின திரிகள். ஆனால் ஒரு மூலையில் சில திரிகள் நீளமாக, முனை கருகாமல், வெள்ளை வெளேரென்று இருந்தன.

நெருப்பே படாத திரிகள்.

சிங்குக்கு அடியில் அவன் பை இருந்தது. கவிழ்த்தாள். மண்ணும் மெழுகுக் கட்டிகளும் கொட்டின. அவற்றோடு முழு மெழுகுவத்தி ஒன்றும் உருண்டு வந்தது. 'அம்மா' என்று கீறியிருந்தது. அவள் கையெழுத்து.

ஃபோனை எடுத்தாள். அவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினீங்கல்ல?"

"ஏத்தாம? காத்து அதிகமா இருந்துச்சு. கையால மறைச்சுத்தான் ஏத்தினேன். ஒரு ஜெபம்கூட பண்ணினேன் போ."

சரியென்று வைத்துவிட்டாள். ஏத்தல, எரிச்சு என்னத்துக்குன்னு விட்டுட்டேன் என்று சொல்லியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். காற்றாம், கையாம், ஜெபமாம்! எச்சில் இலையை மிதித்தவள் மாதிரி உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷம் இந்த வாய்க்கா சோறு போட்டேன் என்று தோன்றியது.

குக்கருக்குள்ளிருந்து பாத்திரத்தை மெழுகும் செயினுமாக வெளியே எடுத்தாள். அவனுடைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றையும் வெள்ளைத் திரிகளையும் எடுத்துக்கொண்டாள். கால் இன்னும் வலித்தது. நொண்டிக்கொண்டே போய் ஆட்டோ பிடித்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் யாருமில்லை. அம்மாவின் கல்லில் பறவை எச்சமும் தூசியும்தான் இருந்தன. ஒரு சொட்டு மெழுகு இல்லை. சுற்றியிருந்த கல்லெல்லாம் சுரண்டின தழும்போடு இருந்தது. முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டுப் பாத்திரத்தை அதன் மேல் வைத்தாள். ஸ்க்ரூடிரைவரால் மெழுகில் குத்திக் குத்தித் திரிகளை நட்டாள். நடுவில் அம்மாவின் மெழுகுவத்தி. யார் யார் வீட்டு மெழுகோ, எல்லாருக்கும் சேர்த்தே எரியட்டும்.

பற்ற வைத்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. மெழுகு இளகி, புதுச் செயின் மெல்ல மெல்லத் தலை காட்டியது. அதன் பளபளப்பின் மேல் கரி படிந்தது. அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். கணுக்காலைப் பற்றிச் சொன்னாள். மீதியையும் சொன்னாள்.

எழுத்தில் முக்கால்வாசி உருகியிருந்தபோது ஃபோன் அடித்தது.

"ஆக்னஸ், குக்கர் பாத்திரம் எங்க? செயின் அதுலதானே இருக்கு! காலையில கிளம்பணும்!"

"அம்மாகிட்ட இருக்கு."

"என்ன உளர்றே?"

"நீங்க ஏத்தாத மெழுகுவத்திய ஏத்திட்டிருக்கேன்" என்றாள் ஆக்னஸ். "காத்து அதிகமாத்தான் இருக்கு. கையால மறைச்சுத்தான் ஏத்தினேன்."

அவள் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள். கடைசி எழுத்து இன்னும் பாக்கி இருந்தது.