மூன்றாவது மைக்கின் பள்ளங்கள்

"விலி, இந்தக் கோட்டுல மட்டும் ஏன் இத்தனை பள்ளம்?"

ஃபியா கேட்டபோது நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகமே சொல்லியிருக்கும். தேவாலயத்தின் பின்னறையில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கணினித் திரையில் எங்கள் பாடகர் குழுவின் பாட்டு நான்கு வரிகளாகக் கிடந்தது. நான்கு மைக்குகளுக்கு நான்கு வரிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒலி அளவைக் காட்டும் மெல்லிய கோடு. மூன்றாவது மைக்கின் முன்னால் நின்று பாடியவள் ஃபியா, என் மனைவி.

"சத்தத்த சமமாக்குறதுதான்" என்றேன்.

"மத்த மூணுலயும் மேடுதானே இருக்கு, பள்ளமே இல்லையே?" அவள் பாட்டை முணுமுணுத்தபடி கோட்டின் மேல் விரலை நகர்த்தினாள். "நான் மேல போற இடத்துல எல்லாம் குழி வெட்டியிருக்கே. எடு."

எடுத்திருக்கலாம், பொறுமையாக. ஆனால் பிடிபட்டவனுக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சேர்த்தவை அனைத்தையும் நீக்கி ஒலி அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் கட்டளையை அழுத்தினேன். அவள் பார்க்கட்டும் என்றே சேமித்தேன், கோப்பையும் மூடினேன். "போதுமா?" என்றேன். திரும்பத் திறந்தபோது நான்கு கோடுகளும் நேராகக் கிடந்தன. காலையில் பாட்டை மொத்தமாக நகர்த்துவதற்காக நான்கு வரிகளையும் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்தத் தேர்வை விலக்கவே இல்லை. கட்டளை நான்கின் மேலும் பாய்ந்துவிட்டது; சேமித்து மூடிய பிறகு அதைத் திருப்பவும் முடியாது. மூன்று வார வேலை. கூரைத் தகரத்தில் விழுந்த மழையை வடிகட்டியது, ஆண்குரல்களை ஒவ்வொரு அடியிலும் தூக்கிவிட்டது, எல்லாம் போயிற்று. மேசையைக் குத்தினேன். வலித்தது கைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து அபெலு மாமா போன் செய்தார். பாடகர் குழுவின் தலைவர், ஃபியாவின் தாய்மாமன். "டேய், மூணு வாரமா அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து முட்டையா அடைகாக்குற? நாலு மணிக்குள்ள குடுக்கலன்னா நாளைக்குப் போன வருஷப் பாட்டையே போட்ருவான் வானொலிக்காரன்."

"வந்துடும் மாமா" என்று வைத்தேன்.

ஃபியா அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்படியே போடு. கேக்கலாம்."

பதிவில் முதலில் மழை வந்தது. மாமாவின் கால் தரையில் தாளம் தட்டியது. யாரோ இருமினார்கள். பிறகு எல்லாக் குரல்களும் எழுந்தன. அவற்றுக்கு மேலே, சுருதியை மயிரிழை தாண்டி, ஃபியா. இரண்டாம் அடியிலும் தாண்டினாள். மூன்றாவதில் நன்றாகவே. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து மழை மட்டும் ஓடியது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

"மாமாதான் என் குரலக் குறைக்கச் சொன்னாரா?"

"ம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

ஓடிக்கொண்டிருந்த மழையை அவளே நிறுத்தினாள். "பதினாலு வருஷமா உங்க எல்லார் பக்கத்துலயும் நின்னு பாடறேன்" என்றாள். "ஒருத்தராச்சும் என்கிட்ட சொல்லியிருக்கலாம். நீயாவது. பயிற்சியில வாயத் திறக்காம, இங்க வந்து குழி வெட்டியிருக்க."

பதில் இருந்தது. நீ வருத்தப்படுவாய் என்பதுதான் அது. இப்போது அதைச் சொல்ல முடியாது. மணி மூன்று. மற்ற மூன்று வரிகளையும் அரைகுறையாகவாவது சரிசெய்யத் தொடங்கினேன். கோட்டை ஏற்றி இறக்க வைக்கும் புள்ளிகள் எரிச்சலில் இடம் தவறின, அழித்து மறுபடி வைத்தேன். மூன்றாவது வரியைத் தொடவில்லை. மூன்றரைக்கு ஃபியா எழுந்தாள். ஞாயிறு சமையலுக்கு, சேம்பு இலையில் ஊற்றிப் பொட்டலமாகக் கட்டி வேகவைக்கத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தவள், வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள், போக வேண்டும். கதவருகே சென்றவள் திரும்பி வந்து, மூன்றாவது வரியில் ஓர் இடத்தில் விரலை அழுத்தினாள்.

"இங்கதான?"

"அங்கதான்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். குறைக்கச் சொன்னாளா, விட்டுவிடச் சொன்னாளா? கேட்க எழுந்தபோது முற்றத்தைத் தாண்டி மழைக்குள் போயிருந்தாள். நான் அம்புக்குறியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். அவள் விரலில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பாலின் எண்ணெய் திரைக் கண்ணாடியில் வட்டமாகப் படிந்திருந்தது. அதன் அடியில் கோடு நேராக ஓடியது.