குடும்பத்துக்கு ஒரு லைசென்ஸ்

லைசென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே என் வீட்டுக்காரர் நந்தகோபாலுக்கு மூக்கு விடைக்கும்.

"ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அது வேணும். தெரிஞ்சவனுக்கு எதுக்கு? எங்கய்யா காலம் பூரா மாட்டுவண்டி ஓட்டினாரு. எவன் லைசென்ஸ் கேட்டான்?"

"மாட்டுக்கு வழி தெரியும். உங்க அய்யா வண்டியில தூங்கிக்கிட்டுல்லா வருவாரு" என்பேன்.

"ஏட்டி, செத்தவரைப் பேசாத" என்று முடித்துவிடுவார். தோற்கப்போகிற பேச்சுக்கெல்லாம் அவருக்குச் செத்துப்போன அய்யாதான் துணை.

எக்செல் மொபெட் வாங்கி வருஷம் இருபது ஆகிறது. எங்கள் ஊர் எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்குப் போக நல்ல தார்ரோடு இருக்கிறது. தார்ரோட்டில் போலீஸும் இருக்கும். அதனால் நாங்கள் மட்டும் ஓடைக்குள் இறங்கி, பருத்திக்காட்டு வரப்பில் ஏறி, யாரோ ஒருத்தர் மிளகாய் காயப்போட்ட களத்துக்குள் புகுந்து, அவரிடம் வசவும் வாங்கிக்கொண்டு கோவில்பட்டி போய்ச் சேருவோம். மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டை அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு "தள்ளு, தள்ளு" என்பார். லைசென்ஸ் இல்லாதது அவருக்கு, முழங்கால் வரைக்கும் சகதி எனக்கு.

எங்கள் தொழில் கிடை போடுவது. வெள்ளாமை எடுத்த காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துப்போட்டால் புழுக்கை நிலத்துக்கு உரம். அதற்கு நிலத்துக்காரச் சம்சாரிகள் கூலி தருவார்கள். ஒரு காடு முடிந்ததும் அடுத்த காட்டுக்கு மந்தையைப் பத்திக்கொண்டு போவோம். முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் நான். முன்னால் போகிறவர் பாதையைப் பார்க்கவே மாட்டார். ஆடுகள் தொடர்ந்து வருகின்றனவா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் அவர் வேலை. கால் அது பாட்டுக்குப் போகும். பின்னால் போகிற எனக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. எது நொண்டுகிறது, எது ஒதுங்குகிறது, எது அடுத்தவன் பயிரில் வாய் வைக்கப் பார்க்கிறது என்று கண்ணை முன்னாலேயே நட்டுவைத்திருக்க வேண்டும். கல்யாணமான புதுசில், இந்த மனுஷன் இப்படி ஓயாமல் திரும்பிப் பார்க்கிறாரே, நம்மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்து, புழுதியை முந்தானையால் துடைத்துத் துடைத்து நடந்தேன். அவர் பார்த்தது செங்கிடாயை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நாளானது.

புதுசாகப் பிறந்த குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கூடையில் போட்டு நான்தான் தலையில் சுமப்பேன். கழுத்து வலி தாங்க முடியாமல்தான் போன வருஷம் ஒரு பழைய குட்டியானை வாங்கலாம் என்றேன். தெருத்தெருவாகச் சரக்கு ஏற்றி வருகிற சின்ன வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த ஆடும், அது போட்ட குட்டிகளும், குட்டிகள் போட்ட குட்டிகளும் எனக்கே சொந்தம். எங்கள் ஆட்களில் அது வழக்கம். புருஷன் அதில் கை வைக்க முடியாது. அந்த ஆடுகளை விற்றுத்தான் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது.

வந்த அன்றைக்கே எனக்கு அதை ஓட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மறைப்பானேன்? நகை நட்டுக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. பின்னால் குட்டிகள் கத்த, ஸ்டியரிங்கை நான் பிடித்து விளாத்திகுளம் வரைக்கும் போகவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பொம்பள ஓட்டி நான் பக்கத்துல உக்காந்து போனா எந்தச் சம்சாரி என்னைக் கிடைக்காரன்னு மதிப்பான்?" என்றார் வீட்டுக்காரர்.

எங்கள் மகள் தீபலட்சுமி காலேஜில் படிக்கிறாள். "லைசென்ஸ் இல்லாம அந்த வண்டியக் கொண்டுபோய் யார் மேலயாவது விட்டீங்கன்னா, மிச்ச ஆட்டையும் வித்துட்டுக் கோர்ட்டுல நிக்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டு, செல்போனிலேயே இரண்டு பேருக்கும் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸுக்குப் பதிந்துவிட்டாள். எனக்கும் சேர்த்துப் பதிந்ததைப் பார்த்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கோவில்பட்டியில் பிச்சை முகம்மது பாய் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். சாந்தமான மனுஷர். அவரையே என் வீட்டுக்காரர் இரண்டாம் நாளில் கத்தவைத்துவிட்டார்.

"தம்பி, ரோடு முன்னால இருக்கு!"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சா அங்கன பாருங்களேன்!"

எங்கே பார்ப்பது? கண்ணாடியை ஒரு பார்வை, கழுத்தைத் திருப்பிப் பின் ஸீட்டை ஒரு பார்வை, பிறகு மறுபடியும் கண்ணாடி. வண்டி முன்னால் போகப்போக அவர் மனசு பின்னாலேயே இருந்தது. "அவியளுக்கு அது பழக்கம் பாய், மந்தைக்கு முன்னால போற ஆளு" என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. முதல் நாள் பிரேக்கை மறந்துவிட்டு, "ஏ, நில்லு! நில்லுங்கேன்லா!" என்று காரை அதட்டினேன். கிளச்சை விடத் தெரியாமல் வண்டி குதித்த குதிப்பில் பாயின் தொப்பி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆனால் ரோட்டில் ஏறியதும் எனக்குப் புதுசாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. முன்னால் பார்க்க வேண்டும், ஓரத்தில் எது அசைகிறது என்று கவனிக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. கல்யாணமானதிலிருந்து நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

டெஸ்டுக்குப் போன அன்று பாயின் காரில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்தார். அடுத்து ஓட்டவேண்டிய நாங்கள் மூன்று பேர் பின்னால். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார், திரும்பி எங்களைப் பார்த்தார். கியர் மாற்றினார், திரும்பிப் பார்த்தார்.

"யாரைய்யா பாக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாரும் வாராங்களான்னு பாக்கேன் சார்."

"கதவு பூட்டியிருக்கு. எங்க போயிருவாங்க?"

இவர் பதில் சொல்லவும் திரும்பினார். கார் ஜல்லிக் குவியலில் ஏறி நின்றது. அன்றைக்கு இருந்த நேரமும் தீர்ந்துவிட்டதால் எங்கள் எல்லோரையும் வேறொரு நாள் வரச்சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தடவை கழுத்தைத் திருப்பவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனேன். சும்மா சொல்லக்கூடாது, இரும்புக் கம்பி மாதிரி விறைப்பாக உட்கார்ந்து நேராகப் பார்த்து ஓட்டினார். இன்ஸ்பெக்டரே "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கண்மாய்க் கரைச் சரிவில் ஒரு வெள்ளாடு ரோட்டுக்கு நடுவே வந்து நின்றது. வேறு எவனாக இருந்தாலும் ஹாரன் அடிப்பான். இவர் பிரேக்கைப் போட்டார், கதவைத் திறந்தார், இறங்கினார். "த்தா… ப்ப்போ…" என்று ஆட்டை ஓரத்துக்குப் பத்தினார். அது யார் ஆடு என்று காதில் அடையாளம் வேறு பார்த்தார். கை பிரேக் என்று ஒன்று இருப்பது அவர் நினைப்பிலேயே இல்லை. கார் எங்களையும் இன்ஸ்பெக்டரையும் சுமந்துகொண்டு மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் பாய்ந்து கை பிரேக்கை இழுத்ததால் நான் இன்றைக்குக் கதை சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு, "அடுத்து யாரு?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"பேரு?"

"வள்ளித்தாய்."

"அவரு யாரு உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரரு சார்."

அவர் ஸீட் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நான் ஓட்டினேன். சைக்கிள்காரர் ஒருவரை முந்தாமல் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். "இன்னும் வேகமாப் போகலாம்மா" என்று இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகு முந்தினேன். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். வண்டியை விட்டு நான் இறங்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. பாஸ் என்றார்.

தபாலில் கார்டு வந்தது. என் படம் போட்டு, என் பெயர் போட்டு, பளபளவென்று இருந்தது. நான் ஆசை தீரப் பார்க்கிறதுக்குள் என் வீட்டுக்காரர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு எடுக்கீங்க?"

"வண்டி ஓட்டுதவன் கிட்டதானே லைசென்ஸ் இருக்கணும்?"

"அது என் பேர்லல்லா இருக்கு!"

"ரேஷன் கார்டுலயும் ஒம் படம்தான் இருக்கு. அரிசி வாங்க யாரு போறா? நான்தானே! எந்தக் கடைக்காரனாவது வள்ளித்தாய் எங்கன்னு கேட்டானா? குடும்பத்துக்கு ஒண்ணு இருந்தாப் போதும்ட்டி. சர்க்கார் எல்லாத்தையும் அப்படித்தான் வச்சிருக்கான்."

அநியாயம் என்னவென்றால், அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் போனபிறகு வந்தது ஆத்திரம். ஆட்டை விற்றது நான், டெஸ்டு பாஸானது நான், கார்டு அவர் பையில். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. அதையும் நல்லாயிருக்கு என்று குடித்துவிட்டுப் போனார்.

மாசிக் கடைசியில் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு சம்சாரி கிடை போடக் கூப்பிட்டார். என் தம்பி பூவனலிங்கமும் அவன் பெண்சாதியும் மந்தையைப் பத்திக்கொண்டு முன்னாடியே நடந்துவிட்டார்கள். குட்டிகளையும் கிடை அடைக்கிற வலையையும் சட்டி பானையையும் குட்டியானையில் ஏற்றினோம். பாரம் ஏறிய வண்டி காட்டுப்பாதையில் போகாது, தார்ரோடுதான். இவர் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நான் ரோட்டைப் பார்த்து "லாரி", "பஸ்ஸு", "வளைவு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நாலுவழிச் சாலைப் பக்கம் போலீஸ் கை காட்டியது. எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர்.

"லைசென்ஸ்?"

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டு சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். எஸ்.ஐ. கார்டைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார்.

"இது யாரு?"

"எம் பொண்டாட்டி சார். இந்தா இருக்காள்லா! ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

எஸ்.ஐ.க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி மாட்டினார். பிறகு அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்குன்னு எதுவும் இல்லையா?"

"எல்.எல்.ஆர். இருக்கு சார்."

"அப்படின்னா L போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஆளு பக்கத்துல இருந்து சொல்லிக்குடுக்க, நீங்க ஓட்டலாம். போர்டு இல்லாம ஒரு அடி நகரக்கூடாது. இல்லைன்னா இந்தம்மா ஓட்டட்டும்."

என் வீட்டுக்காரர் என் காதுப்பக்கம் குனிந்தார். "ஏட்டி, அங்கன பெட்டிக்கடை தெரியுது. ஒரு அட்டை வாங்கிச் செவப்புல எழுதி மாட்டிருவோம். நீ சும்மா உக்காந்திரு, நான் பாத்துக்கிடுதேன்."

அதற்குள் எஸ்.ஐ. என் பக்கம் வந்துவிட்டார். கார்டை என் கையில் கொடுத்தார். "அம்மா, லைசென்ஸ் உங்களுது. நீங்க சொல்லுங்க. நீங்க ஓட்டுதீங்களா, இவருக்குச் சொல்லிக்குடுக்கீங்களா?"

யாரைக் கட்டிக்கொள்வது, எந்த ஊரில் கிடை போடுவது, எதையுமே யாரும் என்னிடம் கேட்டதில்லை. யாரோ பெற்ற பிள்ளை, நடுரோட்டில் வைத்துக் கேட்கிறது. அழுகை வந்தது. இந்த நேரத்தில் அழுகை வருகிறதே என்று என்மேலேயே கோபமும் வந்தது.

"நான் ஓட்டுதேன் சார்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பின்னால் குட்டிகள் எல்லாம் கத்தின.

இறங்கிச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். இவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏட்டி, விளாத்திகுளத்துல சம்சாரி வாசல்லயே நிப்பாரே…"

"நிக்கட்டும். ஏறுதீங்களா, பூவனலிங்கத்தைப் பிடிக்க நடந்து போறீங்களா?"

வெயிலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஏறிவிட்டார்.

வண்டி ஒரு குலுக்குக்கூட இல்லாமல் கிளம்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரணமே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தேன். டீக்கடையில் நின்ற ஆம்பிளைகள் வாய் பார்த்தார்கள், இன்னொன்று அடித்தேன். பக்கத்தில் 'டங் டங்' என்று தகரத்தை உதைக்கிற சத்தம் கேட்டது. லாரி வந்தால் ஒரு 'டங்', வளைவு வந்தால் இரண்டு 'டங்'.

"என்ன செய்யுதீங்க?"

"பிரேக் போடுதேன்ட்டி!" என்றார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"போடுங்க, நல்லாப் போடுங்க" என்றேன். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.